வருத்தத்தை மறைத்து எடுக்கும் காப்புறுதி யாருக்கு உதவும்?

2020 டிசம்பரில் மருதனார்மடம் சந்தை நாடு முழுவதும் செய்தியானது. சந்தை வியாபாரிகளிடம் எடுத்த பி.சி.ஆர். மாதிரியில் கொரோனா தொற்று தெரியவந்தது. சில நாட்களில் அது ‘மருதனார்மடம் கொத்தணி’ என்று பெயர் பெற்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியது. உடுவில் பிரதேசம் முடக்கப்பட்டது, பாடசாலைகள் மூடப்பட்டன. காய்ச்சல், தடிமன் எதுவும் இல்லாதவர்களும் வரிசையில் நின்று மூக்கைக் கொடுத்தார்கள். அறிகுறி இல்லை என்பதால் வருத்தம் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதை அந்த மாதம் எங்கள் ஊர் முழுவதும் விளங்கிக்கொண்டது.

அந்தப் பாடம் கொரோனாவோடு போய்விட்டது. அதே சந்தையில் இன்றைக்கும் சீனி வருத்தமும் பிரஷரும் அறிகுறி காட்டாமல் இருக்கின்றன. அவற்றைச் சோதிக்க வரிசை இல்லை. சந்தைப் பக்கம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில்கள் வரும். ஒன்று, ‘சோதிச்சால்தானே வருத்தம்’. மற்றது கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து வருவது: ‘பதிவில ஏறினால் பிறகு இன்சூரன்ஸ் எடுக்கேலாது’.

இரண்டாவது பதிலில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானது. காப்புறுதி எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது, அந்த முடிவு எந்தக் கடதாசியை வைத்து எடுக்கப்படுகிறது என்பவற்றை விளங்கிக்கொண்டால், வருத்தத்தை மறைப்பது கடைசியில் யாருக்கு லாபம் என்பது தெரியும்.

எங்களில் எத்தனை பேருக்கு?

இலங்கையில் நிகழும் பத்து மரணங்களில் ஏறத்தாழ எட்டு, இதய நோய், பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய், நாட்பட்ட சுவாச நோய் போன்ற தொற்றா நோய்களால் ஏற்படுகின்றன. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் இரத்தம் எடுத்துச் செய்யப்பட்ட ஆய்வொன்று, வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. அதற்கு முன்னர் நாங்கள் நம்பிக்கொண்டிருந்த அளவைவிட இது அதிகம். உயர் குருதி அமுக்கம் மூன்றில் ஒருவருக்கு என்ற கணக்கில் இருக்கிறது. மருதனார்மடம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் பெரியவர்களில் எத்தனை பேர் இதற்குள் வருவார்கள் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டு வருத்தங்களுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்காகச் சத்தமில்லாமல் இருக்கும். தாகம், அடிக்கடி சலம் போதல், உடல் மெலிதல் எல்லாம் சீனி நன்றாக ஏறிய பிறகு வருபவை. அதற்கு முன்பே கண்ணின் பின்புறத்திலும் சிறுநீரகத்திலும் கால் நரம்பிலும் வேலை தொடங்கியிருக்கும். வலிகாமத்தின் செம்மண் தோட்டத்தில் வெறுங்காலோடு தண்ணீர் மாறும் ஒருவருக்குக் கால் விறைத்திருந்தால், முள் குத்தியது தெரியாது. தெரியவரும்போது புண் எலும்பு வரைக்கும் போயிருக்கலாம். விரலையோ காலையோ எடுக்கவேண்டி வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

இலக்கங்களை நினைவில் வைத்திருப்பது நல்லது. இரவு சாப்பிட்ட பிறகு எட்டு மணித்தியாலமாவது வெறும் வயிறாக இருந்து எடுக்கும் இரத்தத்தில் சீனி 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்று கொள்கிறார்கள். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொருமுறை சோதித்து உறுதிசெய்வார்கள். 100க்கும் 125க்கும் இடைப்பட்டது முன்நிலை. அந்த இடத்தில் சோற்றின் அளவு, சீனி போட்ட தேத்தண்ணீர், நடை, எடை ஆகியவற்றைச் சரிசெய்து வருத்தத்தைத் தள்ளிப்போடலாம், பலருக்குத் தவிர்க்கவும் முடியும். எச்.பி.ஏ.1.சி. என்ற சோதனை கடந்த மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டும். அதில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. பிரஷர் வேறு வேறு நாட்களில் அளந்தபோதும் 140/90க்குக் குறையாவிட்டால் வைத்தியரைப் பார்க்கவேண்டும்.

ஒரு சந்தி, மூன்று நிலைமை

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை. மருதனார்மடத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை, தெற்கே போனால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. விடுதியில் படுப்பதற்கோ சத்திரசிகிச்சைக்கோ எவரும் பணம் கேட்பதில்லை. இவ்வளவு இருந்தும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் அரைவாசிக்குக் கிட்ட மக்களின் சட்டைப் பையிலிருந்துதான் போகிறது. தனியார் வைத்தியரின் கட்டணம், வெளியே எடுக்கும் இரத்தச் சோதனை, ஸ்கான், மருந்துக்கடை என்று அது பிரிகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது, துண்டில் எழுதி வெளியே வாங்கச் சொல்வது இன்னும் கூடியது.

இந்தச் செலவுக்கு யாருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? மருதனார்மடம் சந்தியைச் சுற்றியே பார்க்கலாம்.

இராமநாதன் கல்லூரி போன்ற அரச பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியருக்கு ‘அக்ரஹார’ இருக்கிறது. அரச உத்தியோகத்தர்களுக்கான இந்தத் திட்டத்தை, 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நடத்துகிறது. மாதாந்தம் சம்பளத்தில் ஒரு தொகை கழிக்கப்படும். சாதாரண தரத்துக்கு மேலே வெள்ளி, தங்கம் என்ற தரங்களும் பின்னர் வந்தன. தரத்துக்குத் தரம் கழிவும் வேறு, நன்மையும் வேறு. தான் எந்தத் தரத்தில் இருக்கிறேன் என்பதைச் சம்பளப் பட்டியலைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆசிரியர்கள் எனக்குத் தெரிந்தவர்களில் மிகக் குறைவு.

அதே பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு ‘சுரக்ஷா’ மாணவர் காப்புறுதி. 2017இல் தொடங்கியது, இடையில் நின்று 2024இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. நின்றது என்ற செய்தி ஊரில் பரவிய அளவுக்கு மீண்டும் தொடங்கியது என்ற செய்தி பரவவில்லை. பிள்ளை வைத்தியசாலையில் தங்கினாலோ விபத்து நேர்ந்தாலோ அதிபரிடமோ வகுப்பாசிரியரிடமோ முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்.

சந்தையில் வாழைக்குலை விற்பவருக்கும், அவருக்குக் குலை கொண்டுவரும் தோட்டக்காரருக்கும், சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரருக்கும் இந்த இரண்டும் இல்லை. தனியார் கம்பனியிடம் தாங்களாக எடுத்தால்தான் உண்டு. எங்கள் பக்கம் பல வீடுகளில் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பிள்ளைதான் காப்புறுதி. வருத்தம் வந்தால் தொலைபேசி எடுப்பார்கள், காசு வரும். இப்போது அந்தப் பிள்ளைகள், ஒவ்வொருமுறையும் அனுப்புவதைவிட வருடக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று பெற்றோருக்குப் பொலிசி எடுத்துக் கொடுக்கிறார்கள். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

படிவத்தில் ‘இல்லை’, கொப்பியில் ‘ஒன்பது வருடம்’

எங்கள் பெரியப்பாவின் கதை இது. வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்பினார், ஒரு கம்பனியின் முகவர் வீட்டுக்கு வந்தார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நோய் பற்றிய கேள்விகளுக்கு எதிரே வரிசையாக ‘இல்லை’ என்று கோடு போட்டு, கையெழுத்து வைக்கும் இடத்தை மட்டும் காட்டினார். இரண்டு வருடம் கட்டணம் ஒழுங்காகப் போனது. மூன்றாம் வருடம் நெஞ்சு நோவோடு தனியார் வைத்தியசாலையில் சேர்த்தோம். வெளியேறும்போது கொடுத்த டயக்னோசிஸ் காட்டில், சீனி வருத்தம் ஒன்பது வருடமாக இருக்கிறது என்று வைத்தியர் எழுதியிருந்தார். பெரியப்பாவே சொன்ன கணக்கு அது. கம்பனி கோரிக்கையை நிராகரித்துக் கடிதம் அனுப்பியது. காரணமாக எழுதியிருந்தது, முன்பே இருந்த நோயை வெளிப்படுத்தவில்லை என்பது.

கடிதம் வந்தபோது வீட்டில் எல்லோரும் கம்பனியைத் திட்டினோம். ஆனால் காப்புறுதி ஒப்பந்தம் எந்த அடித்தளத்தில் நிற்கிறது என்று பார்த்தால், அந்தக் கடிதம் எப்படி வந்தது என்பது விளங்கும். சாமான் வாங்குபவர் தானே பார்த்து வாங்கவேண்டும் என்பது சாதாரண வியாபாரம். காப்புறுதியில் நிலைமை மறுபக்கம். உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும், கம்பனிக்குத் தெரியாது. ஆகவே தெரிந்த முக்கியமான விடயங்களைச் சொல்லும் கடமையைச் சட்டம் காப்புறுதி எடுப்பவர் மீது வைக்கிறது. சொல்லாமல் விட்டது பின்னர் தெரியவந்தால் கம்பனி பொறுப்பிலிருந்து விலகலாம். முகவர் நிரப்பினார் என்பது வாதமாகலாம், ஆனால் கீழே இருக்கும் கையெழுத்து எங்களுடையது.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மூன்றில் ஒன்று. கட்டணத்தைக் கூட்டியிருப்பார்கள். அல்லது சீனியோடு தொடர்பான சிகிச்சைகளை விலக்கி மற்றவற்றுக்குப் பாதுகாப்புத் தந்திருப்பார்கள். அல்லது இத்தனை காலம் காத்திருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். தரமாட்டோம் என்று சொல்லும் இடமும் உண்டு. அப்படிச் சொன்னால் கட்டணப் பணமாவது மிஞ்சும். மறைத்து எடுத்த பொலிசியில் பணமும் போய், வைத்தியசாலை வாசலில் நிற்கும்போதுதான் பாதுகாப்பு இல்லை என்பதும் தெரியவருகிறது.

இந்தியாவில் இதற்குக் கால எல்லை வைத்திருக்கிறார்கள். 2024இல் மாற்றிய விதிகளின்படி, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களைத் தாண்டக்கூடாது. தொடர்ந்து 60 மாதம் கட்டணம் கட்டியவரிடம், மோசடியை நிரூபித்தால் ஒழிய, சொல்லாமல் விட்டாய் என்று கம்பனி மறுக்க முடியாது. இங்கே கையெழுத்திடும் முன்னர், இப்படியான எல்லை ஏதாவது உங்கள் பொலிசியில் எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வைத்தியர்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும்

காப்புறுதிக் கோரிக்கையில் நோயாளிக்குத் தெரியாமல் முடிவாகும் பகுதி ஒன்று உண்டு. அது வைத்தியசாலையின் எழுத்து. டயக்னோசிஸ் காட்டில் நோயின் பெயர் சுருக்கெழுத்தில் இருப்பது, அனுமதித்த திகதியும் வெளியேறிய திகதியும் தெளிவில்லாமல் இருப்பது, வைத்தியரின் பதிவிலக்க முத்திரை இல்லாமல் போவது எல்லாம் கோரிக்கையை வாரக்கணக்கில் இழுக்கும். கடிதத்துக்குக் கடிதம் கேள்வி வரும். நோயாளி ஒவ்வொருமுறையும் பஸ் ஏறி வைத்தியசாலைக்கு வரவேண்டும்.

இன்னுமொன்று, எத்தனை காலமாக வருத்தம் என்ற வரி. நோயாளி வாய்க்கு வந்தபடி ‘ஒரு பத்து வருசம் இருக்கும்’ என்கிறார், வேலைப்பளுவில் இருக்கும் வைத்தியர் அதை அப்படியே எழுதுகிறார். உண்மையில் ஆறு வருடமாக இருக்கலாம். கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தைப் பார்த்து, கண்டுபிடித்த வருடத்தை எழுதினால் இருவருக்கும் நியாயம். இல்லாததை எழுதச் சொல்லி நோயாளி கேட்கவும் கூடாது, இருப்பதைக் கூட்டி எழுதவும் கூடாது.

தனியார் வைத்தியசாலைகளின் கட்டணக் கருமபீடத்தில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. எந்தக் கம்பனியோடு நேரடிக் கொடுப்பனவு ஒழுங்கு இருக்கிறது, எதற்கு நோயாளி முதலில் கட்டிப் பின்னர் கோரவேண்டும் என்பது அடிக்கடி மாறும். திட்டங்களின் தரமும் உச்ச எல்லையும் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மாறும். அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுவதற்குப் பெரிய செலவில்லை. மொத்தத் தொகை மட்டும் போட்ட பற்றுச்சீட்டுக்குப் பதிலாக அறை, மருந்து, சோதனை, வைத்தியர் கட்டணம் என்று பிரித்துக் கொடுத்தால் கோரிக்கை தடங்கலில்லாமல் போகும்.

அரச வைத்தியசாலைகளில் பற்றுச்சீட்டு இல்லை என்பதால் காப்புறுதிக்கு அங்கே வேலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அக்ரஹாரவிலும் பல தனியார் பொலிசிகளிலும் அரச விடுதியில் தங்கிய நாட்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு உண்டு. அதற்குத் தேவை திகதிகள் சரியாக எழுதிய டயக்னோசிஸ் காட். வெளியே வாங்கச் சொன்ன மருந்தின் துண்டையும் மருந்துக்கடைப் பற்றுச்சீட்டையும் சேர்த்து வைத்திருங்கள். சித்த வைத்தியம் செய்பவர்கள், தங்கள் திட்டம் அதை ஏற்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்கவேண்டும்.

குளிசைக்குக் காப்புறுதி இல்லை

எல்லாக் கடதாசியும் சரியாக இருந்தாலும் ஒரு குறை மிஞ்சும். பெரும்பாலான காப்புறுதி, விடுதியில் படுத்தால்தான் பேசும். சீனிக்கும் பிரஷருக்கும் நாங்கள் செலவழிப்பது விடுதிக்கு வெளியே. மாதாமாதம் குளிசை, மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை, வருடத்துக்கு ஒருமுறை கண். வெளிநோயாளர் செலவைத் தரும் திட்டங்களிலும் எல்லை சின்னது.

இதைத் தமிழ்நாடு நல்ல உதாரணமாகக் காட்டுகிறது. அங்கே 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2012இலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 இலட்சம் இந்திய ரூபா வரை பெரிய சிகிச்சைகளுக்குக் கிடைக்கும். அவ்வளவு பெரிய காப்பீடு இருந்தும், 2021 ஓகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று இன்னொரு திட்டத்தைத் தொடங்கவேண்டி வந்தது. வீடு வீடாகப் போய்ச் சீனியும் பிரஷரும் சோதித்து, இருப்பவர்களுக்குக் குளிசையை வாசலிலேயே கொடுப்பது அதன் வேலை. இதய சத்திரசிகிச்சைக்குக் காப்பீடு பணம் தரும். அந்தச் சத்திரசிகிச்சை தேவைப்படாமல் இருக்கச் செய்வது வேறு வேலை.

அந்த வேறு வேலைக்கு இங்கே என்ன இருக்கிறது? சுகாதார அமைச்சு 2011இலிருந்து நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இருக்கின்றன. 35 வயதைக் கடந்தவர்களுக்கு எடை, உயரம், பிரஷர், சீனி எல்லாவற்றையும் கட்டணமின்றிப் பார்ப்பார்கள். பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் இவற்றோடு கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனையும் உண்டு. எந்த நாள், எந்த நேரம் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கேட்டறியலாம். தனியார் ஆய்வுகூடத்தில் பணம் கட்டிச் செய்யும் ‘முழு உடல் பரிசோதனை’யின் முக்கியமான பகுதிகள் இங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. இப்படி இருந்தும் ஆண்கள் இந்தப் பக்கம் வருவது குறைவு என்பது சுகாதாரத் துறையினர் நாடு முழுவதும் சொல்லும் முறைப்பாடு. சந்தை வியாபாரிக்குக் காலை நேரம்தான் வியாபாரம், கிளினிக்கும் காலைதான். சந்தைக்கே போய்ச் சோதிக்க முடியும் என்பதை 2020இல் இதே சுகாதாரத் துறை செய்து காட்டியிருக்கிறது.

செய்யவேண்டியவை

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். முகவர் நிரப்பினாலும் ஒவ்வொரு பதிலையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதியொன்றை வாங்கி வையுங்கள்.

இருக்கும் வருத்தத்தை, குடிக்கும் குளிசையின் பெயரோடு எழுதுங்கள். கிளினிக் கொப்பியும் படிவமும் ஒரே கதையைச் சொல்லவேண்டும்.

காத்திருப்புக் காலம் எவ்வளவு, எவை விலக்கப்பட்டவை, நாளொன்றுக்கும் வருடத்துக்கும் உச்ச எல்லை எவ்வளவு, எந்த வயதோடு பாதுகாப்பு முடியும் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து கட்டணம் கட்டும் பிள்ளைகள் கடைசிக் கேள்வியை மறக்கக்கூடாது. பெற்றோருக்கு அதிகம் தேவைப்படும் வயதில் பொலிசி முடிந்துவிடலாம்.

அரச உத்தியோகத்தர்கள் திருமணம், பிள்ளைப்பேறு, ஓய்வூதியம் ஆகிய கட்டங்களில் அக்ரஹாரவில் யார் யார் பெயர் இருக்கிறது என்று அலுவலகத்தில் பார்த்துப் புதுப்பிக்கவேண்டும். கோரிக்கை அனுப்புவதற்கு நாள் எல்லை உண்டு. சுகமாகி வேலைக்குத் திரும்பிய பிறகு பார்ப்போம் என்று விட்டால் அது கடந்துவிடும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பனிக்கு மேன்முறையீடு. தீராவிட்டால் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். காப்புறுதி ஒம்புட்ஸ்மன் ஒருவரும் இருக்கிறார், கட்டணம் இல்லை. எங்கள் பெரியப்பாவின் மகன் இப்போது அந்தக் கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். படிவத்தை முகவர் நிரப்பியது, ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவரிடம் கையெழுத்து வாங்கியது இரண்டையும் முன்வைக்கிறார். என்ன முடிவு வரும் என்று சொல்ல முடியாது.

முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறுதல் இவற்றில் ஒன்று திடீரென்று வந்தால் அது பாரிசவாதமாக இருக்கலாம். அந்த நேரத்தில் காப்புறுதிக் கோப்பைத் தேடவேண்டாம். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்கும் கட்டணம் இல்லை. கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது கிளினிக் கொப்பி. என்ன குளிசை, எத்தனை வருடம் என்பதை அதில் பார்த்துத்தான் வைத்தியர் வேகமாக முடிவெடுப்பார். அந்தக் கொப்பி உங்களிடம் இன்னும் இல்லை, வயதும் 35ஐத் தாண்டிவிட்டது என்றால், அடுத்த கிளினிக் நாள் எது என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.